கடலுக்கடியில நான் வெச்ச மலை

கொடைக்கானல்ல இருந்து பழனிக்கு எறங்குற மலை ரோடு. சவரிக்காடு தாண்டி ஒரு வளைவு. தடுப்புச் சுவரக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். காவடி விரதம்ங்கிறதால வயித்துல இருந்தது ஒரு டம்ளர் பாலும் ரெண்டு மலைப்பழமும்தான். அந்தப் பழத்த, அது வெளஞ்ச மலைக்கே திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்.

பின்னால ஜீப்பு நிக்குது. அது தலையில என் காவடி கட்டிக் கெடக்கு. மயில்பீலி காத்துல சிலுசிலுன்னு ஆடுது. என் சம்சாரம் செல்வராணி ஒரு கையால என் முதுகத் தடவுறா. இன்னொரு கையில எலுமிச்சம்பழம், என் மூக்குக்கு நேரா.

மலை எறங்குறப்பெல்லாம் எங்க தாம்பத்தியம் இந்தக் கோலத்துலதான் இருக்கும்.

அந்த நேரம் பாத்து போன் அடிக்குது. நடுக்கடல்ல இருந்து.

"சார், பெர்சிலா பேசுதேன். நீங்க குறிச்சுக் குடுத்த எடத்துக்கு மேலதான் கப்பல் நிக்கி. கீழ மலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தரை கோலிகுண்டு வெளாடலாம் போல கெடக்கு."

நான் வாயத் தொடச்சேன். "சரியாப் பாத்தீங்களா மேடம்?"

"நான் சரியாத்தான் பாத்தேன். நீங்க?"

கம்பளிக்குள்ள இருந்து கடல்

என் சோலி கடலுக்குப் படம் போடுறது. இருக்குறது கொடைக்கானல் நாயுடுபுரத்துல, ஒரு மாடி ரூம்ல, கம்பளியப் போத்திக்கிட்டு. ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல ஒக்காந்துக்கிட்டுக் கடல் மட்டத்தப் பத்தியே பேசுறவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்.

கப்பல்ல ஏறுனதே இல்ல. நம்ம ஊரு ஏரியில ஒருக்கா பெடல் படகுல ஏறி, கரைக்கு வந்ததும் ஒரு மரத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். ராமேஸ்வரத்துல கால நனைச்சிருக்கேன். எனக்கும் தண்ணிக்கும் உள்ள உறவு அம்புட்டுத்தான்.

தெருவுல எனக்குப் பேரு 'நனையாத மாலுமி'. வெச்சது ஜீப்பு ஆன்டனி. வட்டக்கானல் விடுதிகளுக்கு ஆள ஏத்திட்டுப் போறவன். வருசா வருசம் என் காவடியப் பழனிக்கு எறக்குறவனும் அவன்தான். பேருதான் வேற, முருகனுக்குக் காவடி வருதுன்னா என்னையவிட அவன்தான் வெரசாக் கெளம்புவான்.

ஒரு நாள் டீக்கடையில கேட்டான். "அண்ணே, தெரியாமத்தான் கேக்குறேன். கடல் தட்டையாத்தான கெடக்கு? அதுல நீங்க என்னத்தப் படம் போடுறீங்க?"

"தட்டையா இல்லப்பா, அதான் விசயமே"ன்னு ஆரம்பிச்சேன்.

பெஞ்சுல இருந்த ரெண்டு பேரு சடக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஆன்டனிக்கு டீ பாதி மிச்சம் இருந்ததால மாட்டிக்கிட்டான்.

காசுள்ள மாமா

கல்யாண வீட்டுக்குக் காசுள்ள மாமா ஒருத்தரு வந்து ஒரு மூலையில ஒக்காருவாரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, நாற்காலியெல்லாம் நகந்து அந்த மூலைக்கே போயிருக்கும். அவரு யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டாரு. கனம் எங்க இருக்கோ கூட்டம் அங்க சாயும்.

கடலுக்கடியில மலை இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கல்லோட கனம், சுத்தியிருக்குற தண்ணியத் தன் பக்கம் இழுக்கும். மலைக்கு நேரா மேல தண்ணி கொஞ்சம் கூடி நிக்கும். முழங்கால் உயரமும் நிக்கும், ஆள் உயரமும் நிக்கும். ஆனா அந்த மேடு பல கிலோமீட்டருக்குப் பரந்து கெடக்குறதால, கப்பல்ல போறவனுக்குத் தெரியாது.

மேல இருந்து பாத்தாத் தெரியும். வானத்துல சுத்துற செயற்கைக்கோளு ஒண்ணு ரேடார் அலையக் கீழ அனுப்பும். அது தண்ணியில பட்டுத் திரும்பி வர எம்புட்டு நேரம் ஆச்சுன்னு பாக்கும். கோளு எந்த ஒசரத்துல போகுதுன்னு நமக்குத் தெரியும். தண்ணி அதுக்கு எம்புட்டுக் கீழன்னும் தெரிஞ்சு போச்சு. அப்ப எங்க மேடு, எங்க பள்ளம்னு வரைஞ்சிரலாம். அலை, காத்து, ஓதம் எல்லாத்தையும் கழிச்சுட்டா, மிச்சம் நிக்கிறது பூமியோட இழுப்பு. எங்க இழுப்பு கூடயிருக்கோ, அங்க அடியில ஏதோ கனமாக் கெடக்கு.

"அப்ப தண்ணியில கால வெக்காமலே அடியில மலை இருக்குன்னு சொல்லிருவீங்க?"

"சொல்லிருவேன்."

"இல்லாமப் போச்சுன்னா?"

"போகாது."

டீக்கடையில தைரியமாப் பேசுறது லேசு. டீ ஆறுறதுக்குள்ள எந்திரிச்சு வந்துரலாம்.

நாம எல்லாரும் பள்ளத்துல

இன்னொரு நாள் ஆன்டனி ஒரு வெளியூர்ப் பையன என் வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிட்டான். மலையேத்தத்துக்கு வந்த பையன். கையில பாத்திரம் மாதிரி பெருசா ஒரு கடிகாரம். "சார், உங்க ஊரு போர்டு பொய் சொல்லுது. என் வாட்ச்சுல ஒசரம் கம்மியாக் காட்டுது"ன்னு சண்டைக்கு வந்துட்டான்.

எனக்கா, பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. ஒக்கார வெச்சுச் சொன்னேன். கன்னியாகுமரிக்குத் தெக்க, இலங்கையத் தாண்டி, கடலே ஒரு பெரிய பள்ளமாக் கெடக்கு. நூறு மீட்டருக்கு மேல தாழ்வு. அங்க பூமியோட இழுப்பு கம்மி. அந்தப் பள்ளத்தோட சரிவு நம்ம ஊரு வரைக்கும் நீண்டு கெடக்கு. பூமிய வழவழன்னு ஒரு உருண்டையா நெனச்சுக்கிட்டு அதுல இருந்து அளக்குது உன் கடிகாரம். நெசக் கடல்ல இருந்து அளந்தது எங்க போர்டு. ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூறு மீட்டருக்கு மேல வித்தியாசம். போர்டும் பொய் சொல்லல, கடிகாரமும் பொய் சொல்லல.

பையன் போனப்பறம் ஆன்டனி யோசிச்சுட்டே நின்னான். "அண்ணே, அம்புட்டுப் பெரிய பள்ளம்னா கப்பல் உருண்டு உள்ள போயிராதா?"

நல்ல கேள்வி. படிச்சவங்களே கேக்குறது. உருளாது. எது கீழ, எது மேலன்னு முடிவு பண்றதே அந்த இழுப்புதான். அது சரிஞ்சா தண்ணியும் சேந்து சரியும். கப்பல்ல இருக்குறவனுக்கு எல்லாம் மட்டமாத்தான் தெரியும்.

செல்வராணி உள்ள இருந்து குரல் குடுத்தா. "எங்கம்மா தலைமன்னார்ல கப்பல் ஏறி அந்தக் கடல்லதான் வந்தவங்க. மேடும் தெரியலயாம், பள்ளமும் தெரியலயாம். வாந்தி மட்டும்தான் தெரிஞ்சுச்சாம்."

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து குடும்பத்தோட அனுப்பி வெச்சப்ப அவங்கம்மா சின்னப் பொண்ணு. இங்க வந்து, திரும்பவும் மலையத் தேடிப் பிடிச்சு, அட்டுவம்பட்டியில குடியேறுன குடும்பம். எனக்கு அந்த வீட்டுல பொண்ணு குடுத்ததுக்கு ஒரே காரணம், மாமியாருக்கும் எனக்கும் வயிறு ஒண்ணா இருந்ததுதான்னு செல்வராணி இன்னைக்கும் சொல்லுவா.

ஊருக்கே சொன்ன மலை

போன மழைக்காலத்துல ஒரு நாள், அந்தப் பள்ளத்துக்கு அங்கிட்டு, கப்பல் அதிகம் போகாத எடத்துல, தண்ணி லேசா மேடா இருக்குறதப் பாத்தேன். எந்தப் படத்துலயும் அங்க மலை இல்ல. அளவு பாத்தேன், திருப்பிப் பாத்தேன். மலைதான். எவனும் பாக்காத மலை. கம்பளிக்குள்ள இருந்து நான் பாத்துட்டேன்.

ஒரு மனுசன் இத எப்படி மனசுக்குள்ள வெச்சுக்குவான். டீக்கடையில சொன்னேன். பேக்கரியில சொன்னேன். அட்டுவம்பட்டியில மச்சான் வீட்டுக் கெடாவெட்டுல எல போட்டு ஒக்காந்த பந்திக்கே சொன்னேன்.

எங்க ஆபீசுலயும் சொன்னேன். அதுதான் வெனையாப் போச்சு.

எங்க பிரிவுல நாங்க மூணு பேரு. நான் இங்க, மத்த ரெண்டு பேரும் சென்னையில. எங்களுக்கு மேல ஒருத்தரு, நாங்க 'பெரியவரு'ம்போம். அவருக்கு ரொம்ப நாளாவே ஒரு எண்ணம். எதுக்கு இம்புட்டுப் பாடு, வெளிநாட்டுக்காரன் போட்ட படத்த வாங்கி வெச்சுக்கிட்டா போதாதான்னு.

நான் மலையச் சொன்னதும் அமைதியாக் கேட்டாரு. அப்பறம் சொன்னாரு. "நல்லது. நம்ம கப்பல் ஒண்ணு வேற வேலையா அந்தப் பக்கம் போகுது. ஒரு நட பாத்துட்டு வரச் சொல்றேன். மலை இருந்தா உங்க படம் தொடரட்டும். இல்லேன்னா, கணக்குப் பிரிவுல மூணு நாற்காலி காலியா இருக்கு."

கணக்குப் பிரிவுக்குக் கடலோட ஒரு சம்பந்தமும் கெடையாது. சென்னையில இருக்குற ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலன்னு அப்பறம் தெரிஞ்சுது. நான் சாப்பிட்டேன். எனக்கு மலை மேல நம்பிக்கை இருந்துச்சு.

கப்பல்ல ஆராய்ச்சிக்குத் தலைமை பெர்சிலா மேடம். தூத்துக்குடிக்காரங்க. கடல்லயே வளந்த மனுசி. கேப்டன்கிட்ட சண்ட போட்டு எனக்காக ஒரு நட வாங்கிக் குடுத்தவங்க. மலை இல்லேன்னா கேப்டன் மொகத்துல முழிக்க வேண்டியது அவங்கதான்.

அந்தக் கப்பல் அந்த எடத்துக்குப் போய்ச் சேந்த நாளும், நான் காவடி எடுக்குற நாளும் ஒண்ணா வந்து சேந்துருச்சு.

இஸ்திரி

இனிமே வளைவுக்கு வருவோம். அங்கதான் என்னைய நிக்க வெச்சுட்டு வந்தேன்.

"சார், லைன்ல இருக்கீயளா?"ன்னாங்க பெர்சிலா மேடம். "பட்டையாப் பாக்குற பெரிய கருவி நேத்தே மல்லாந்து போச்சு. நேர் கீழ பாக்குறது மட்டுந்தான் ஓடுது. வடக்க இருந்து தெக்க வந்தோம், ஒங்க புள்ளிக்கு மேல அப்படியே. தரை அசையல. இப்ப தண்ணியில ஒரு கருவிய எறக்கிருக்கோம். அதத் தூக்குத வரைக்கும் இங்கன நிப்போம். அதுக்குப் பெறகு கேப்டன் நிக்க மாட்டாரு. அதுக்குள்ள ஏதும் தோணிச்சுன்னா சொல்லுங்க."

வெச்சுட்டாங்க.

செல்வராணி என் மொகத்தப் பாத்தா. "மலை இல்லயாமா?"

"இல்லங்கிறாங்க."

அவ எலுமிச்சம்பழத்த மடியில முடிஞ்சா. அவ கேலி பண்ணாம இருந்தா வீட்டுல எழவு விழுந்த மாதிரி இருக்கும்.

ஆன்டனி பக்கத்துல வந்தான். ஆன்டனிக்கு ஒரு பேச்சு உண்டு. தூண் பாறையில பனி மூடிக் கெடக்குறப்ப, டூரிஸ்ட்டு 'எங்கப்பா பாறை'ன்னு கேப்பான். இவன் அசராம வெள்ளைப் பனியக் காட்டி 'அதோ அங்கதான் சார்'ம்பான். 'தெரியலியே'ம்பான் அவன். 'தெரியாட்டி இல்லன்னு ஆயிருமா சார்?'னு கேப்பான் இவன்.

இப்ப அதையே எனக்குச் சொன்னான். "தெரியாட்டி இல்லன்னு ஆயிருமாண்ணே?"

எங்க ரெண்டு பேரு தொழிலும் ஒண்ணுதான்னு அப்பத்தான் ஒறச்சுது. ஆனா ஆன்டனிக்குப் பனி கலைஞ்சா பாறை இருக்கும். எனக்குப் பனி கலைஞ்சு, தரை கோலிகுண்டு வெளாடுற மாதிரி இருக்கு.

லேப்டாப்ப எடுத்து ஜீப்பு பானட்டு மேல வெச்சுத் தொறந்தேன். பச்சை வேட்டி, கழுத்துல மணி, செருப்பில்லாத காலு, கையில லேப்டாப்பு. எறங்கி வந்த ஒரு டெம்போக்காரன் வேகத்தக் கொறச்சு, கும்பிட்டுட்டுப் போனான். யாரக் கும்பிட்டான்னு தெரியல.

சுவரு மேல ஒரு கொரங்கு வந்து ஒக்காந்து லேப்டாப்பையே பாத்துச்சு. "ஏலே, போலே அங்கிட்டு. அண்ணனே மலையத் தொலச்சுட்டு நிக்கிறாரு"ன்னு அதட்டுனான் ஆன்டனி.

படத்துல மேடு அப்படியேதான் இருந்துச்சு. வழவழன்னு, அழகா, இட்லி மாதிரி. நடு உச்சியில என் புள்ளி.

அந்த வழவழப்பத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அந்தக் கடல்ல எப்பவும் அலை ஜாஸ்தி. ரேடாரு அந்த அலையையும் சேத்துத்தான் பாக்கும். அதனால வர்ற கோடெல்லாம் கசங்குன சட்டை மாதிரி இருக்கும். நாங்க அத இஸ்திரி போடுவோம். பக்கத்துல பக்கத்துல இருக்குற அளவ சராசரி பண்ணிப் பண்ணி, சுருக்கத்த எடுத்துருவோம். இந்தத் தொழில்ல இருக்குற எல்லாரும் பண்றதுதான். யாரு எம்புட்டு சூடு வெக்கிறாங்கங்கிறதுலதான் வித்தியாசம். நான் வெள்ளைச் சட்டைக்காரன். மடிப்புக் கலையாமப் போடுறவன்.

தோளு

செல்வராணி கையி திரும்பவும் என் முதுகத் தடவுச்சு. மெதுவா மேல ஏறித் தோளுக்கு வந்துச்சு. அங்க எனக்கு ஒரு காப்பு உண்டு. வருசா வருசம் காவடித்தண்டு ஒக்காந்து ஒக்காந்து தடிச்சுப் போன எடம்.

"இந்த வருசமாவது துண்ட மடிச்சு வெச்சுக்கங்க. எப்பப் பாத்தாலும் இந்த எடந்தான் கன்னிப் போகுது"ன்னா.

"ஆமா, அம்புட்டு பாரமும் அங்கதான"ன்னு சொல்ல வந்தேன்.

அங்க எங்க பாரம் இருக்கு?

ஜீப்பு மேல காவடியப் பாத்தேன். நடுவுல வெறுந்தண்டு. பாரம் ரெண்டு கடைசியிலயும் இருக்கு. இந்தப் பக்கம் ஒரு பால் செம்பு, அந்தப் பக்கம் ஒரு பால் செம்பு. என் தோள மட்டும் பாத்தவன், ஏதோ கல்லத் தோள்ல தூக்கியிருக்கான்னு நெனப்பான். தோளுக்கு மேல போயித் தேடுனா அவனுக்கு ஒண்ணும் கெடைக்காது.

செயற்கைக்கோளு பாக்குறது தோள மட்டும்தான்.

கீழ எட்டிப் பாத்தேன். வெயிலு கெளம்பி, பழனி மேல புகை மாதிரி மூட்டம். அதுக்குள்ள மங்கலா ஒரே மேடு. நமக்குத் தெரியும், அது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு முருகன் மலை, பக்கத்துலயே இன்னொண்ணு இடும்பன் மலை. ரெண்டையும் தண்டுல ரெண்டு பக்கமும் கட்டித் தோள்ல தூக்கியாந்தவன் இடும்பன். காவடிக்கே அவன்தான் மொத ஆளு. பழனி அடிவாரத்துல பொறந்து, காவடி விக்கிற கடையிலயே வளந்த எனக்கு, கடல்ல ரெண்டு மலை இருக்கலாம்னு இம்புட்டு நாளாத் தோணல. காரணம், நான் போட்ட இஸ்திரி.

ஒடனே சூட்டக் கொறச்சேன். இஸ்திரி போடாத பழைய கோட்ட எடுத்துப் பாத்தேன். மேட்டோட உச்சியில, லேசா, ரொம்ப லேசா, ஒரு குழி. அலைச் சுருக்கம்னு நெனச்சு நான் தேச்சு விட்ட குழி. மேடும் வட்டமா இல்ல. கெழக்கயும் மேக்கயும் கொஞ்சம் நீண்டு கெடக்கு. ஆழமான தண்ணி வேற, ரெண்டு பக்க இழுப்பையும் மேல வர்றதுக்குள்ள ஒண்ணாக் கலந்துருது.

கப்பல் வடக்க இருந்து தெக்க வந்துச்சுன்னாங்கல்ல. ரெண்டு மலைக்கும் நடுச்சந்துல போயிருக்கு.

எந்தப் பக்கம்

போன்ல சிக்னல் ஒரு கோடு வருது, போகுது. சுவரு மேல ஏறி நின்னு பேசுனேன். செல்வராணி என் வேட்டி முனையப் பிடிச்சுக்கிட்டா. புருசன் மேல பாசமா, வேட்டி மேல பயமான்னு தெரியல.

"மேடம், புள்ளியில மலை இல்ல."

"அதத்தான நான் சொன்னேன்."

"பக்கத்துல இருக்கு. ஏழெட்டுக் கிலோமீட்டரு தள்ளி."

"எந்தப் பக்கம்? கேப்டன் ஒரு பக்கந்தான் தருவாரு. கெழக்கயா, மேக்கயா?"

"எந்தப் பக்கம்னு அவரையே கேட்டுக்கங்க. எங்கிட்டுப் போனாலும் மலை இருக்கும்."

"சார், தப்பா எடுத்துக்காதீய. வெள்ளனயே ஏதும் போட்டிருக்கீயளா?"

"காவடி விரதம் மேடம். எலுமிச்சம்பழம்தான் மோந்துக்கிட்டு இருக்கேன்."

"நான் கேப்டன்கிட்ட போயி, எங்கிட்டு வேணா திருப்புங்க, மலை வரும்னு சொல்லணும். அவரு என்னைய என்ன நெனப்பாரு?"

"தைரியமாச் சொல்லுங்க. ரெண்டு மலை, நடுவுல நீங்க."

"இந்த வாட்டியும் தரை அசையலன்னு வைங்க, அடுத்த வாட்டி உங்க பேரச் சொன்னா எனக்கு ஒரு தோணி கூடத் தர மாட்டாங்க. பாத்துக்கிடுங்க"ன்னு வெச்சுட்டாங்க.

சுவருல இருந்து எறங்குனேன். வயித்துல பெரட்டல் நின்னு போயிருந்துச்சு. ஆன்டனிகிட்ட, "வெரசா விடுப்பா"ன்னேன். நான் வாழ்க்கையில ஒரு மலை ரோட்டுல அந்த வார்த்தையச் சொன்னது அதான் மொத தடவ. அடுத்த வளைவுலயே வாபஸ் வாங்குனேன், அது வேற.

டோக்கன்

பழனியில இப்ப மலைக்கு மேல போன் கொண்டுபோகக் கூடாது. அடிவாரத்துல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். வரிசையில நிக்கிறேன், போனையே பாக்குறேன். ஒண்ணும் வரல. கருவியத் தூக்குறாங்களோ, கேப்டன் கத்துறாரோ, கப்பல் திரும்பாமலே போயிருச்சோ.

கவுண்டர்க்காரத் தம்பி கைய நீட்டுனாப்ல. "சாமி, குடுங்க. பின்னால கூட்டம் நிக்குது."

குடுத்துட்டேன்.

கிரிவீதி சுத்தி, படியேற ஆரம்பிச்சப்ப வெயிலு ஏறிருச்சு. தோள்ல துண்ட மடிச்சு வெச்சிருந்தேன். அப்படியும் தண்டு அந்த எடத்தையே தேடிப் போயி ஒக்காந்துச்சு. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு செம்பும் அசையுது. நடுவுல நான் மூச்சு வாங்குறேன்.

சென்னையில ரெண்டு பேரும் போனக் கையில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்கன்னு நெனப்பு வந்துச்சு. அதுல ஒரு பொண்ணு போன மாசந்தான் ஆபீசு பக்கத்துல வீடு பாத்து வந்துருக்கு. கணக்குப் பிரிவு ஊருக்கு அந்தக் கோடியில.

பாதிப் படியில இடும்பன் சன்னதி. காவடி எடுக்குறவங்க மொதல்ல இடும்பனக் கும்பிட்டுட்டுத்தான் முருகன்கிட்ட போகணும். நின்னேன். வேர்வை கண்ணுல எறங்குது.

செல்வராணி பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டா. "மெய்யாலுமே ரெண்டு இருக்குமா?"

"இருக்கும்."

"ஊருக்காகச் சொல்லாதீங்க. எனக்குச் சொல்லுங்க."

ரெண்டு செம்பும் ஆடி நின்னுச்சு. தண்டு நேரா நின்னுச்சு. நான் அதப் பாத்தேன்.

"இருக்கும் செல்வி"ன்னேன். அந்த ஒரு தடவ நான் சிரிக்காமச் சொன்னேன். அவளும் தலைய ஆட்டிட்டு, முந்தானையால என் மொகத்தத் தொடச்சு விட்டா.

ஏறிக்கிட்டே

பாலு அபிசேகத்துக்குக் குடுத்தாச்சு. செம்பு ரெண்டுலயும் பஞ்சாமிர்தம் நெறச்சு, கீழ எறங்கி வந்தாச்சு. டோக்கனக் குடுத்துப் போன வாங்குனேன். காவடி இன்னும் தோள்லதான் இருக்கு. தண்டப் பிடிக்கக் கை வேண்டியிருந்ததால போன செல்வராணிகிட்ட குடுத்துட்டேன். பெர்சிலா மேடம் அனுப்புன செய்திய அவதான் படிச்சா, ஒவ்வொண்ணா.

"'கேப்டன் மேக்க திருப்புதாரு.'"

"ம்."

"'இன்னும் மட்டமாத்தான் கெடக்கு.'"

"அடுத்து?"

"'தரை ஏறுது சார்.'"

நான் தண்ட இறுக்கிப் பிடிச்சேன்.

"'ஏறுது.' அப்பறம் திரும்பவும், 'ஏறிக்கிட்டே இருக்கு சார். இங்கன எல்லாரும் எந்திரிச்சு நிக்காவ.'" செல்வராணி நிறுத்திட்டு, மூக்க உறிஞ்சிக்கிட்டா. "'மலைதான். பெரியவருக்கும் சொல்லியாச்சு. படம் ஓடட்டும்னுட்டாரு.'"

சென்னையில இருந்து வந்த செய்தியில ஒரு வார்த்தையும் இல்ல. ரெண்டு பேரும் ஆளுக்கொரு இட்லிப் படம் அனுப்பியிருந்தாங்க. சாப்பிடுறாங்களாம்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு"ன்னா செல்வராணி. "'கேப்டனுக்கு நேரம் இல்ல, கெளம்பிட்டோம். ஆனா கேக்காரு. ஒண்ணு கண்டாச்சு. இன்னொண்ணு கெழக்க இருக்குன்னு யாரு பாத்தாங்கன்னு.'"

அவளும் என்னையப் பாத்தா. "ஆமா. யாரு பாத்தா?"

பதில் சொல்ல நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, ஆன்டனி ஜீப்ப விட்டு எறங்கி வந்தான். "செம்ப மொதல்ல உள்ள வெச்சிருவோம்ணே"ன்னு, நான் தோள்ல வெச்சிருக்கும்போதே இந்தப் பக்கத்துச் செம்ப அவுத்து எடுத்துட்டான்.

அவ்வளவுதான். அந்தப் பக்கத்துச் செம்பு சொய்ங்னு கீழ எறங்க, இந்தப் பக்கத்துத் தண்டு எந்திரிச்சு என் தாடையில ஒரு போடு போட, மயில்பீலியெல்லாம் என் வாய்க்குள்ள. அடிவாரமே திரும்பிப் பாத்துச்சு.

"அய்யோ அண்ணே"ன்னு பிடிச்சான் ஆன்டனி.

பீலியத் துப்பிட்டுச் சொன்னேன். "செல்வி, இத அப்படியே கேப்டனுக்கு அனுப்பு. ஒரு பக்கம் மட்டும் மலை இருந்தா, காவடி இப்படித்தான் சாஞ்சிருக்கும். என் புள்ளி நடுவுல நிக்காம, மேக்க அந்த மலைக்கே போயிருக்கும்."

அவ அனுப்புனா. காவடிய ஜீப்பு மேல ஏத்திக் கட்டி முடிச்சப்பறம் போன்ல பதிலு வந்துச்சு. செல்வராணி படிச்சுப் பாத்து, சிரிப்ப அடக்கிக்கிட்டு என்கிட்ட நீட்டுனா.

'கேப்டன் ஒத்துக்கிட்டாரு. அடுத்த நட கெழக்க போறோம். மலைய வெச்ச ஆளும் கப்பல்ல கூட வரணுமாம். கட்டாயமாம்.'

நான் போனையே பாத்துக்கிட்டு நின்னேன். செல்வராணி என்னையப் பாக்கல. ரோட்டுக்கு அங்கிட்டு எலுமிச்சம்பழம் குவிச்சு வெச்சிருந்த அம்மாகிட்ட போயி நின்னா.

"ஒண்ணு ரெண்டு வேணாம்க்கா"ன்னா. "மூட்டையாக் கட்டிக் குடுங்க."